யாருடைய கைமணம்

1

பிரெஞ்சு வீட்டுச் சமையலைப் பற்றித் தில்லை நகரில் உட்கார்ந்துகொண்டு எழுத உனக்கு என்ன யோக்யதை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒருவர் கேட்டும் விட்டார். பகலில் வங்கி கவுன்ட்டர், இரவில் நாலு புத்தகம், ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்தால் இலக்கியச் சண்டை என்று போய்க்கொண்டிருக்கிற ஆசாமிக்குத் திடீரென்று இது என்ன என்பது அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு அவ்வளவு தூரத்து மனிதர்கள் அல்ல என்று வேண்டுமானால் ஒரு சமாதானம் சொல்லலாம். 1752-இல் ழாக் லாவின் தலைமையில் ஒரு பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்துக் கோயில் மதில்களுக்குள் இருந்துகொண்டு, அந்த ஜூன் மாதம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. என் வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இருப்பது காவிரி ஒன்றுதான். ஆனால் நான் எழுத வந்தது இந்தச் சரித்திரப் பெருமையால் அல்ல. ஒரு நோட்டுப் புத்தகத்தால்.

பாண்டிச்சேரியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருடைய கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விருப்பம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. ஊரில் இப்படிப்பட்ட வீடுகளைச் சொல்தா வீடு என்பார்கள். அந்த வீட்டில் நண்பருடைய பாட்டி எழுதி வைத்த ஒரு சமையல் நோட்டு இருக்கிறது. பிரெஞ்சில் எழுதியது, நடுவில் தமிழ்ச் சொற்கள் பிரெஞ்சு எழுத்தில் வரும். மாட்டிறைச்சியையும் எலும்பையும் காய்களோடு மணிக்கணக்கில் வேகவைக்கும் பொத்தோஃபே, வெள்ளைச் சாற்றில் கன்றிறைச்சி போடும் பிளாங்கெத், ஆட்டுக்கறி ராகு, கிறிஸ்துமஸுக்கு ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்ந்த விவிக்கம் கேக். இவற்றில் பாதி பாரிஸிலிருந்தும் பாதி பாண்டிச்சேரிக் கொல்லைப்புறத்திலிருந்தும் வந்தவை. ராகுவைத் தாளிக்க வடகம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

அந்த நோட்டில் ஐந்தாறு இடங்களில் குறிப்பின் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரே வாசகம் வருகிறது: ஆயா சொன்னபடி. இந்த ஆயா யார் என்பதில் அந்தக் குடும்பத்தில் இரண்டு கட்சி. நண்பருடைய அப்பா, அது பாட்டியினுடைய அம்மா, அதாவது கொள்ளுப்பாட்டி என்கிறார். அந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுகிற வழக்கம் உண்டு. அத்தை ஒருத்தர், இல்லை, அது வீட்டில் பிள்ளை வளர்த்து, சமையலும் செய்துகொண்டிருந்த வேலைக்காரி. கொள்ளுப்பாட்டிக்கு வெந்நீர் வைப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்கிறார். ஒரே சொல் பெற்றவளின் தாய்க்கும் பொருந்துகிறது, கூலிக்கு வளர்த்தவளுக்கும் பொருந்துகிறது. நோட்டை எழுதியவர் இறந்துவிட்டார். சொல் மட்டும் இருக்கிறது. அது யாரைச் சொல்கிறது என்பது போய்விட்டது.

நான் அங்கே இருந்த இரண்டு நாளும் அந்த ராகுவைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே எல்லாரும் ஆயாவைப் புகழ்ந்தார்கள். எந்த ஆயாவை என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யவில்லை. என்னை எழுத உட்கார வைத்தது இதுதான். நினைவின் ருசி உண்மையாக இருக்கிறது; நினைவு யாரைப் பற்றியது என்பது தெரியாமலிருந்தும் அந்த ருசி குறையவில்லை. அப்படியானால் நினைவு என்று நாம் கொண்டாடுவது எதை?

2

சமையலைத் தத்துவ விசாரணைக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பிளேட்டோ. கொண்டுவந்தது அதைத் தள்ளுவதற்காக. ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் சமையலைக் கலை என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார். மருத்துவம் கலை, ஏனென்றால் தான் செய்வதற்கு அது காரணம் சொல்லும். சமையல் வெறும் பழக்கம், பழகிப் பழகி வந்த கெட்டிக்காரத்தனம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்றால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது என்பது அவர் வாதம்.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: கைப்பக்குவம். பிளேட்டோ குறையாகச் சொன்னதையே நாம் புகழாகச் சொல்கிறோம். காரணம் சொல்ல முடியாமலிருப்பது அறியாமை அல்ல, அறிவு கையில் இருக்கிறது என்பது அந்தச் சொல்லின் தாத்பரியம். மோர்க்குழம்பு பொங்கி வரும் சமயத்தில் இறக்கியாக வேண்டும். ஒரு கொதி கூடினால் திரிந்துவிடும். பிளாங்கெத்துக்கு முட்டை மஞ்சள் கருவும் பாலேடும் சேர்ப்பது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கியபிறகு. கொதிக்கும்போது சேர்த்தால் அதுவும் திரியும். ஸ்ரீரங்கத்தில் ஒருத்தியும் லியோனில் ஒருத்தியும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்துக்கொண்ட ஒரே விஷயம் இது. ரசாயனம் இதற்குப் பின்னால் காரணம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் காரணத்துக்காகக் காத்திருக்கவில்லை.

அச்சுக்கு வந்த சமையல் புத்தகம் இந்தக் கைப்பக்குவத்தைத் தாளுக்கு மாற்றப் பார்க்கிறது. பிரான்ஸில் வீட்டுச் சமையலுக்குப் பிரமாணமாகிப்போன ழினெத் மத்தியோவின் புத்தகம் 1932-இல் வந்தது. ‘எனக்குச் சமைக்கத் தெரியும்’ என்பது அதன் தலைப்பின் பொருள். தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் புத்தகம் 1951-இல் வந்தது. ‘சமைத்துப் பார்’ என்பது அதன் தலைப்பு. ஒன்று வாங்குகிறவளுக்கு ஒரு தன்னம்பிக்கையைக் கொடுக்கிறது. மற்றது கட்டளையாக நின்று, மீதியை நீ செய்து பார்த்துத் தெரிந்துகொள் என்கிறது. இரண்டாவது தலைப்பு சமையலின் இயல்புக்கு நெருக்கமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. குறிப்பு என்பது சமையல் அல்ல, சமையலுக்கான ஏவல். ஏவல் நிறைவேற ஒரு கை வேண்டும்.

அந்தக் கை புத்தகத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், ‘உப்பு தேவையான அளவு’ என்பதில் நிற்கிறது. தேவை எவ்வளவு என்று யார் தீர்மானிப்பது? பிரெஞ்சுக் குறிப்புகளில் ஓர் அக்ரோட்டுக் கொட்டை அளவு வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு என்று வரும். பொத்தோஃபே கொதிக்கக்கூடாது, தண்ணீர் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பார்கள். மூன்று நான்கு மணி நேரம் நுரையை எடுத்து எடுத்து, அந்தச் சிரிப்பு கொதிப்பாகிவிடாமல் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். புத்தகம் இதைச் சொல்லும். நிற்கிறவர் யார் என்று சொல்லாது. சொல்ல வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. ஏவல் வாக்கியத்துக்கு எழுவாய் எப்போதும் மறைந்திருக்கும் என்று நமக்கு ஆறாம் வகுப்பிலேயே இலக்கண வாத்தியார் சொல்லிவிட்டார்.

புத்தகம் மறைப்பதில் தவறில்லை. குடும்ப நினைவு மறைப்பதில்தான் தவறு வருகிறது. ஏனென்றால் நினைவு ஏவல் அல்ல. அது நடந்ததைச் சொல்வதாக உரிமை கொண்டாடுகிறது. நடந்ததைச் சொல்கிற வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும்.

3

உணவும் நினைவும் என்றதும் நம் வட்டாரத்தில் உடனே ப்ரூஸ்ட் வந்துவிடுவார். டீயில் நனைத்த மத்லேன் துண்டு இல்லாமல் ஒரு கட்டுரையும் முடிவதில்லை. நானும் அவரிடம் போகத்தான் போகிறேன், ஆனால் அந்தப் பக்கத்துக்கு அல்ல. மத்லேனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1913-இல் வெளியான முதல் பாகத்தில் இருக்கிற மத்லேன், அதற்கு முந்தைய கையெழுத்துப் படிகளில் வெறும் சுட்ட ரொட்டி. ஆசிரியர் பிறகு மாற்றியிருக்கிறார். பண்டம் மாறினாலும் அனுபவத்தின் அமைப்பு மாறவில்லை. ஆக நினைவின் சத்தியம் பண்டத்தில் இல்லை, நினைப்பவனிடம் இருக்கிறது என்று ஆகிறது. நம் இலக்கிய நண்பர்களுக்கு இது மிகவும் பிடித்த முடிவு. எனக்கும் வெகுநாள் பிடித்திருந்தது.

ஆனால் அதே முதல் பாகத்தில் சில பக்கங்கள் தள்ளி வேறொரு சமையலறை இருக்கிறது. அந்த வீட்டுச் சமையல்காரி ஃப்ரான்ஸ்வாஸ். அவளுக்குக் கீழே காய் நறுக்க, கழுவ ஒரு பெண். அவளுக்குப் பெயர் இல்லை. வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறினாலும் அந்த ஸ்தானம் மாறாமல் இருக்கும், ஆகவே அவள் ஓர் ஆள் அல்ல, ஒரு ஸ்தாபனம் என்கிற அர்த்தத்தில் கதைசொல்லி அவளை அறிமுகப்படுத்துகிறான். அந்த வருஷத்துப் பெண் கர்ப்பிணி. குடும்ப நண்பர் ஸ்வான் அவளுக்கு ஜோத்தோவின் ஓவியத்திலிருந்து ஒரு பட்டப்பெயர் வைத்து, அதைச் சொல்லி விசாரிப்பார். அந்தக் கோடையில் அந்த வீட்டில் ஓயாமல் ஆஸ்பராகஸ் தண்டு சமைக்கப்பட்டது. சிறுவனுக்கு அதன் நிறமும் மணமும் பரவசம். ஏன் ஓயாமல் அதே சமையல் என்பது வெகு வருஷங்கள் கழித்துத்தான் அவனுக்குத் தெரியவருகிறது. அதை உரிக்கும்போது அந்தப் பெண்ணுக்கு இழுப்பு வரும். தாங்க முடியாமல் வேலையை விட்டுப் போகட்டும் என்றுதான் ஃப்ரான்ஸ்வாஸ் அதையே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மத்லேன் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை ஏன் சொல்வதில்லை? இது நம் அனுபவக் கொள்கைக்குச் சௌகரியமாக இல்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். சிறுவனின் பரவசம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பரவசத்தின் மறுபக்கத்தில் இன்னொருத்தியின் மூச்சுத் திணறல் இருந்தது. நினைவின் சத்தியம் நினைப்பவனிடம் மட்டும் இருக்குமானால், அந்த மூச்சுத் திணறல் அவனுக்குத் தெரியவருவதற்கு முன்னால் நடக்கவே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். ப்ரூஸ்ட் அப்படிச் சொல்லவில்லை. அவர் நேர்மையானவர். அவர் இறந்தபின் 1927-இல் வெளிவந்த கடைசிப் பாகத்தில், தான் எழுதப்போகும் புத்தகத்தை ஃப்ரான்ஸ்வாஸ் பல துண்டு இறைச்சி தேர்ந்து சேர்த்துச் செய்கிற மாட்டிறைச்சிப் பதார்த்தத்துக்குக் கதைசொல்லி ஒப்பிடுகிறான். சமையல்காரிக்கு இலக்கியத்தில் கிடைத்த பெரிய மரியாதைகளில் ஒன்று அது. ஆனால் உரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த மரியாதையில் பங்கு கிடையாது. வரிசையில் எப்போதும் கடைசியாக ஒருத்தி வெளியே நிற்கிறாள்.

லெவி-ஸ்த்ரோஸ் 1965-இல் சமையல் முக்கோணம் பற்றி எழுதிய கட்டுரையில், பாத்திரத்தில் நீர்விட்டு வேகவைத்தது குடும்பத்துக்கு, நெருப்பில் வாட்டியது விருந்தாளிக்கு என்று ஒரு பாகுபாடு செய்கிறார். வேகவைத்தது உள்ளே, வாட்டியது வெளியே. பொத்தோஃபேயும் ரசமும் உள்ளே இருப்பவர்களுடைய சாப்பாடு. அந்த உள்ளுக்கும் உள்ளே, அடுப்புக்கு முன்னால் நிற்கிற ஒருத்தி குடும்பத்துக்கு வெளியே இருக்கிறாள் என்பதற்கு அந்த முக்கோணத்தில் மூலை இல்லை.

4

பெயரைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

பதார்த்தங்களுக்கு ஆள் பெயர் வைப்பதில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஈடில்லை. ஆனால் யார் பெயர்? பெஷமெல் என்ற வெள்ளைச் சாறு பதினான்காம் லூயியின் அரண்மனை அதிகாரி ஒருவரின் பெயரில் வழங்குகிறது. எஸ்கோஃபியே செய்த பீச் பழ இனிப்பு, நெல்லி மெல்பா என்ற பாடகியின் பெயரில். சாத்தோப்ரியான் என்ற இறைச்சித் துண்டு ஓர் எழுத்தாளர் பெயரில். பெரும்பாலும் உண்டவர் பெயர், அல்லது உண்டவர் யாரைப் பிரியப்படுத்த நினைத்தாரோ அவர் பெயர். சமைத்தவர் பெயரில் வழங்குவது, தத்தான் சகோதரிகளின் ஆப்பிள் பணியாரம் போல, சொற்பம்.

நாம் மட்டும் என்ன? நல்ல சமையலை நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். நளன் ராஜா, பீமன் ராஜகுமாரன். இருவரும் வேஷம் மாறி இன்னொருவன் வீட்டில் வேலைக்காரனாக இருந்தபோது சமைத்தவர்கள். வேஷம் கலைந்தபோது சமையலுக்குப் பெயர் வந்தது. கலைப்பதற்கு வேஷம் இல்லாதவர்களின் சமையலுக்கு நம் மொழியில் பெயர் இல்லை.

லியோன் நகரத்தில் ‘அம்மாக்கள்’ என்று பெயரெடுத்த சமையல்காரிகள் ஒரு பரம்பரையாக இருந்தார்கள். பிரெஞ்சு வீட்டுச் சமையலின் சிகரம், தாய் கைச் சோறு என்றெல்லாம் அவர்களைச் சொல்வார்கள். அவர்களில் பலர் பணக்கார வீடுகளில் கூலிக்குச் சமைத்தவர்கள். பிற்பாடு தனியாகச் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். யூஜெனி ப்ரசியே 1895-இல் பிறந்தவர். சிறு வயதில் தாயை இழந்து பண்ணைகளில் வேலை பார்த்தார். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றதற்காகத் தகப்பன் வீட்டைவிட்டு அனுப்பினார். லியோனில் ஒரு குடும்பத்தில் பிள்ளை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, சமையலுக்கு மாறி, 1921-இல் சொந்தக் கடை போட்டார். 1933-இல் அவருடைய இரண்டு கடைகளுக்கும் மிஷ்லேன் வழிகாட்டி மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது. தாய் கைச் சோறு என்று ஒரு தேசம் உருகுவது, தன் பிள்ளையை வேறிடத்தில் விட்டுவிட்டு இன்னொருவர் பிள்ளைக்குச் சோறு போட்டவளின் கைச் சோற்றை. ப்ரசியேவுக்காவது பெயர் மிஞ்சியது. கடை வைக்க முடியாதவர்களுக்கு மிஞ்சியது ‘அம்மா’ என்ற பொதுப் பெயர்தான், நம் ‘ஆயா’ போல.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெயர் இருந்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று முடித்தால் அது அபத்தம். 1853 முதல் காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளுக்கு, மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும், கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அவர்களோடு குழம்பும் போயிற்று. அங்கே அது ‘கொலொம்போ’ ஆயிற்று. வேறு வழியாக நம் வடகம் பிரான்ஸுக்குப் போய் ‘வடுவன்’ ஆகி, இன்று பெரிய ஓட்டல்களில் வெயில் படாத பொடியாகக் கிடைக்கிறது. சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் வெந்தயமும் கடுகும் சீரகமும் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டை மாடியில் பகலில் காயவைத்து இரவில் எடுத்து மூடி வைத்தவர்களுடைய விரல்கள் அந்தச் சொல்லுக்குள் எங்கேயோ இருக்கின்றன. கப்பலேறியவர்களுக்குப் பதிவேட்டில் பெயர் இருந்தது. அவர்களை ஒப்பந்தத்தில் பிடித்து வைப்பதற்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. எனக்கும் இது தெரியும். என் கவுன்ட்டரில் எல்லாருக்கும் பெயர் உண்டு. பெயருக்கு எதிரே தொகை உண்டு. பதிவேட்டுப் பெயர் வேறு, நான் தேடுகிற பெயர் வேறு.

5

இனி என் வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மேலே சொன்னதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சென்ற வருஷம் என் பாட்டிக்கு நூற்றாண்டு வருகிறது என்று உறவினர்கள் ஒரு சிறு புத்தகம் போடத் தீர்மானித்தார்கள். பாட்டி இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும். எழுதுகிறவன் என்பதால் எனக்குச் சமையல் பகுதி வந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டுக் கண்டந்திப்பிலி சாத்தமுது எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். ரசத்தை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். ஜுரம் விட்ட மறுநாள் அது உண்டு. கண்டந்திப்பிலி, அரிசித் திப்பிலி, மிளகு, துவரம் பருப்பு எல்லாவற்றையும் நெய்யில் வறுத்து அரைத்து, புளி ஜலம் கொதித்த பிறகு விட்டு, நுரை கூடி வரும்போது இறக்க வேண்டும். இதை எழுதி, ‘பாட்டியின் கைமணம்’ என்று தலைப்பும் போட்டுவிட்டேன். இரண்டு வாக்கியம் அழகாகக்கூட வந்திருந்தது.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்தேன். நுரை கூடி வரும்போது என்று எழுதிய இடத்தில் எனக்கு ஒரு கை ஞாபகம் வந்தது. ஈயச் சொம்பைப் பழந்துணியால் பிடித்து இறக்கும் கை. பாட்டியின் கை அல்ல. பாட்டி கையில் இரண்டு ஜோடி வளையல் இருக்கும். அந்தக் கையில் ஒன்றும் கிடையாது. தளிகை பண்ண வந்த மாமியின் கை அது.

அம்மாவைக் கேட்டேன்.

“அந்த மாமி பேர் என்னம்மா?”

“மாமின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.”

“பேர் இருக்குமே.”

“இருக்கும். யார் கேட்டா? உங்க பாட்டிகூட ‘இந்தா’ன்னுதான் கூப்பிடுவா.”

“எத்தனை வருஷம் இருந்தா?”

“நான் கல்யாணமாகி வரச்சேயே இருந்தா. நீ நாலாவது படிக்கறச்சே முடியாம போய்ட்டா.”

“சாத்தமுது பாட்டி வைக்க மாட்டாளா?”

“உங்க பாட்டியா? உள்ளே வந்து, உப்புப் போட்டயான்னு கேட்டுட்டுப் போவா. அதுக்கு மேல அவளுக்கு என்ன தெரியும்.”

தாத்தாவின் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதையும் எடுத்துப் பார்த்தேன். தாத்தா ஒழுங்கான மனிதர். பால்காரர் பெயர், சலவைக்காரர் பெயர், கொல்லையில் கட்டியிருந்த பசுவின் பெயர் எல்லாம் இருக்கிறது. மாதா மாதம் முதல் தேதியில் ‘தளிகைக்கு’ என்று ஒரு தொகை. அவ்வளவுதான்.

நான் வேலை பார்க்கிற கவுன்ட்டருக்கு விதவைப் பென்ஷன் வாங்க வயதான பெண்கள் வருவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்கி, இன்னார் ரேகை என்று பெயர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குவோம். பெயரில் ஓர் எழுத்துத் தப்பினாலும் பணம் நிற்கும். அதற்காக முதியவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆக என்னிடம் ஐந்து நிமிஷம் நின்றவர்களுடைய பெயரெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியும். பத்து வருஷம் எனக்குச் சோறு போட்டவளின் பெயர் தெரியாது.

6

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “இது நடுத்தர வர்க்கத்துக் குற்ற உணர்ச்சி. முன்னால் சாத்தமுதை ருசித்தாய், இப்போது குற்ற உணர்ச்சியை ருசிக்கிறாய். இரண்டும் உன் நாக்குதான்” என்றார். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அவர் சொல்வது பாதி உண்மை.

நன்றி வேறு, கடன் வேறு. நன்றி என்னுடைய உணர்ச்சி. அதை நான் உணர்ந்தால் எனக்குத்தான் நிறைவு; எதிராளி இல்லாமலேகூட அது நடக்கும். பாண்டிச்சேரி வீட்டில் எந்த ஆயா என்று தெரியாமலே நன்றி பெருகியதைப் பார்த்தேன். கடன் அப்படி அல்ல. கடனுக்கு எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். என் மனநிலை எப்படி இருந்தாலும் அது இருக்கும். நண்பர் கேலி செய்தது நன்றியின் மறுபக்கமான குற்ற உணர்ச்சியை. கடனுக்கு அந்தக் கேலி எட்டாது.

சரி, என்ன கடன்? சாத்தமுதுக் குறிப்பு மாமியின் சொத்து, அதைப் பாட்டி பெயரில் போடுவது திருட்டு என்று வாதிடலாம். இலக்கியத்தில் ஒரு வரியை எடுத்தாண்டுவிட்டுச் சொல்லாமலிருந்தால் நாம் பத்திரிகை பத்திரிகையாகச் சண்டை போடுகிறோம் அல்லவா? ஆனால் அந்த ஒப்புமை நிற்காது. மாமி அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு இன்னொருத்தி சொல்லியிருப்பாள், அவளுக்கு வேறொருத்தி. குறிப்பு மொழியைப் போன்றது. அதற்கு ஆசிரியர் இல்லை, இருக்கவும் வேண்டாம். மீனாட்சி அம்மாளும் தமிழ்ச் சமையலைக் கண்டுபிடிக்கவில்லை. இளம் வயதிலேயே கணவனை இழந்த அந்த அம்மாள், உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதன் பேரில், தெரிந்ததை எழுதினார். எழுதிய காரியம் அவருடையது, ஆகவே அட்டையில் அவர் பெயர்.

மொழி யாருடையதும் அல்ல. ஆனால் பேசப்பட்ட வாக்கியம் பேசியவருடையது. குறிப்பு பொதுச்சொத்து, சமைத்த காரியம் சமைத்தவருடையது. எனக்கு ஜுரம் விட்ட அந்தக் காலையில் நுரை கூடி வருவதைப் பார்த்து இறக்கியது ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட கை. அதை இன்னொரு கை செய்ததாகச் சொல்வது, ஆசிரியத்துவத் திருட்டு அல்ல, பொய்ச் சாட்சி. கடன் என்று நான் சொல்வது இந்தச் சாட்சியத்தைத்தான். அவளுக்கு நான் ஒன்றும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் நடந்ததற்குச் சாட்சி நான். சாட்சி தனக்குப் பிடித்த கையைக் காட்டக்கூடாது.

பெயர் தெரியாமல் சாட்சி சொல்ல முடியுமா? முடியும். குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் ஒரு பாட்டு எல்லாருக்கும் தெரியும். புதிதாகக் குடித்தனம் வைத்தவள் தயிர் பிசைந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் கொஞ்சம் மலர்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்து தாயிடம் சொல்கிறவள் செவிலி, அதாவது வளர்த்தவள். அதில் யாருக்கும் பெயர் இல்லை. அகத்திணையில் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஆனால் அங்கே பெயரின்மை எல்லாருக்கும் சமம். தலைவனுக்கும் பெயர் இல்லை. எங்கள் வீட்டிலோ எல்லாருக்கும், பசுவுக்கும், பெயர் இருக்க, ஒருத்திக்கு மட்டும் இல்லை. பெயரின்மை அநீதியாவது இந்த இடத்தில். இருந்தாலும் அந்தச் செவிலியிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவள் விரலைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள்.

நான் என் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். தலைப்பில் பாட்டியை எடுத்துவிட்டு, இந்தச் சாத்தமுதை வைத்தவர் எங்கள் வீட்டில் பல வருஷம் தளிகை செய்த மாமி, அவர் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதினேன். புத்தகம் வந்தது. ‘பாட்டியின் கைமணம்’ என்றுதான் அச்சாகியிருந்தது. பெரியப்பாவிடம் கேட்டேன். “விசேஷத்துக்குப் போடற புஸ்தகம்டா. அதிலே போய் இதெல்லாம் எதுக்கு?” என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு அந்தச் சாத்தமுதில் ஞாபகம் வருவது பாட்டிதான். அவருடைய ஞாபகம் பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியாது.

பாண்டிச்சேரி நண்பருக்கு இதை எழுதினேன். அவர்கள் வீட்டில் இன்னும் தீர்மானமாகவில்லை. அத்தைக்கு வயதாகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு ஜலதோஷம். நானே கண்டந்திப்பிலி வாங்கி வந்து, நான் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு சமைத்துப் பார்த்தேன். மிளகு தீய்ந்துவிட்டது. நுரை கூடியதா, கொதித்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இறக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள்.

“மாமி சாத்தமுது மாதிரி இல்லை” என்றாள்.

இதுவரை அவள் அதைப் பாட்டி சாத்தமுது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.